மாடியிலிருந்து மாடிக்கு வயர்லெஸ் லிங்க்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீன்யாவில் பட்டறையும் கொஞ்சம் தள்ளி குடோனும் வைத்திருப்பவர்கள், அல்சூரிலும் இந்திரா நகரிலும் கிளை வைத்துப் பள்ளியோ கிளினிக்கோ நடத்துபவர்கள், இரண்டு கட்டடத்தின் நெட்வொர்க்கையும் ரேடியோவால் இணைக்கும் லிங்க்கை அவர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் டெக்னீஷியன்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பேச்சு முழுக்க 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களைப் பற்றியது. தூரம் அரை கிலோமீட்டரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை. லிங்க் நன்றாக ஓடுமா என்பது ரேடியோவைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடும். நடுவில் நிற்கும் மரம், மாடியில் நடும் குழாய், கேபிளின் முனை, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ரேடியோவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஃபைபர் இருக்கும்போது இது எதற்கு?

ஃபைபர் கிடைத்தால் ஃபைபரே போடுங்கள். ரோடு தோண்ட அனுமதி கிடைக்காத இடம், மாதக் கட்டணம் கட்டுப்படியாகாத இடம், இரண்டு கட்டடமும் உங்களுடையதாகவே இருந்து நடுவில் மட்டும் பிறர் நிலம் இருக்கும் இடம் ஆகியவற்றுக்குத்தான் ரேடியோ லிங்க் சரி. ஃபைபர் அறுந்தால் கைகொடுக்கும் இரண்டாவது வழியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ் வாங்க வேண்டுமா?

அக்டோபர் 2018-இல் வந்த அரசாணைப்படி 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் அலைக்கற்றை உரிமம் தேவையில்லை. ஆனால் சக்திக்கு வரம்பு உண்டு. கருவிக்கு டபிள்யூ.பி.சி.யின் (மத்திய அரசின் அலைக்கற்றைப் பிரிவு) ஈ.டி.ஏ. ஒப்புதலும் (கருவி வகைக்கான அங்கீகாரம்) இருக்க வேண்டும், வாங்கும்போதே அதைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ பையில் கொண்டுவந்த ரேடியோ வேண்டாம். ரேடியோ அமைப்பில் நாடு இந்தியா என்றே இருக்கட்டும். சக்தி கூடுதலாகக் கிடைக்கும் என்று வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பது சட்ட மீறல், பக்கத்து மாடி லிங்க்குகளையும் கெடுக்கும்.

இந்த விலக்கு அலைக்கற்றைக்கு மட்டும்தான். அந்த லிங்க் வழியாக மற்றவர்களுக்கு இன்டர்நெட் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் ஐ.எஸ்.பி. உரிமம் வேண்டும். எச்.ஏ.எல்., யெலஹங்கா, ஜக்கூர், தேவனஹள்ளி விமானத் தளங்களைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மாடி மேல் நடும் கம்பமும் அந்த உயரக் கணக்கில் சேரும்.

எதிர்க் கட்டடம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அது போதாதா?

போதாது. பெங்களூரில் போடும் லிங்க்குகள் அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே, மையத்தில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய ஓர் இடத்தை அது நிரப்பிக்கொண்டு போகிறது. அதை ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். நடுப்புள்ளியில் அதன் ஆரத்தை இப்படிக் கணக்கிடலாம்: தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, கிகாஹெர்ட்ஸின் நான்கு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 17.32-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும்.

5.8 கிகாஹெர்ட்ஸில் 1 கி.மீ.க்கு ஆரம் 3.6 மீட்டர், 3 கி.மீ.க்கு 6.2 மீட்டர், 5 கி.மீ.க்கு 8 மீட்டர். இதில் குறைந்தது 60 சதவீதம் தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது 3 கி.மீ. லிங்க்கில், பார்வைக் கோட்டுக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் நடுவழியில் சுமார் 3.7 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு மீட்டர் இடைவெளியில் எதிர்க் கட்டடம் தெரிந்தால் கண்ணுக்கு அது திறந்த வழி, ரேடியோவுக்குப் பாதி அடைத்த வழி.

தரை மட்டத்தையும் பாருங்கள். பெங்களூர் சமதரை இல்லை. அல்சூர் ஏரிப் பக்கம் பள்ளம், அங்கிருந்து கிளம்பினால் மேடு. நான்கு மாடிக் கட்டடம் பள்ளத்தில் இருந்தால் மேட்டில் இருக்கும் இரண்டு மாடி வீடே மறைத்துவிடும். கூகுள் எர்த்தில் இரண்டு புள்ளிக்கும் கோடு போட்டு உயரக் குறுக்குவெட்டைப் பாருங்கள். அதில் தரையைத்தான் நம்பலாம். கட்டட உயரத்துக்கு மாடியேறி பைனாகுலரில் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பார்க்கும்போது வழியில் காலி மனை, புதிதாகக் கிளம்பும் தூண் கம்பிகள், சாரம் கட்டிய கட்டடம் எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றால் அங்கே இன்னொரு தளம் வரப்போகிறது. கோடு மெட்ரோ மேம்பாலத்தை ஒட்டிப் போனால், ரயில் கடக்கும்போதெல்லாம் சில விநாடிக்குச் சிக்னல் இறங்கி ஏறும். குறை சரியாக ரயில் நேரத்துக்கு வருவதால் கண்டுபிடிப்பது சுலபம். கம்பத்தை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மரம் எவ்வளவு கெடுக்கும்?

நிறைய. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். இலையும் சிறு கிளையும் அதே அளவில் இருப்பதால் அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். இலை நனைந்தால் இழப்பு இன்னும் கூடும். காற்றில் கிளை ஆடினால் சிக்னலும் ஆடும்.

காலம் பார்க்காமல் சர்வே எடுத்தால் ஏமாந்துவிடுவோம். பெங்களூர்ச் சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களும் பல பூமரங்களும் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்க்கும். அந்த மாதங்களில் கிளைகளுக்கு நடுவே எதிர் மாடி பளிச்சென்று தெரியும். ஏப்ரலில் தளிர் விட்டு மே மழையில் அடர்ந்ததும் அதே லிங்க் 15, 20 டெசிபெல் (சிக்னல் அளவு; 10 டெசிபெல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகும்) இழந்து நிற்கும். ஆகவே கோடையின் தொடக்கத்தில் சர்வே எடுத்தால் மொட்டைக் கிளையையும் முழு இலையாகவே எண்ணுங்கள். மரம் வளரவும் செய்யும், அதற்கு இரண்டு மீட்டர் கூடுதலாக விடுங்கள். மரத்தை வெட்டலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். பொது இடத்து மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். கம்பத்தை மாடியின் வேறு மூலைக்கு மாற்றினாலே பல நேரம் வழி திறந்துவிடும்.

எந்த அளவு டிஷ் வாங்குவது?

கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கி.மீ. தூரத்துக்கு வெட்டவெளி இழப்பு சுமார் 117 டெசிபெல். ஆன்டெனாவிலிருந்து வெளிவரும் மொத்த சக்தியை 36 டிபிஎம்முக்குள் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) வைத்தால், 25 டிபிஐ (ஆன்டெனா அலையைக் குவிக்கும் அளவு) டிஷ் பிடித்து வாங்கும் சிக்னல்: 36 கழித்தல் 117 கூட்டல் 25, அதாவது மைனஸ் 56 டிபிஎம். இது நல்ல எண். 40 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் உயர்ந்த வேகம் நிற்க மைனஸ் 62 சுற்றி இருந்தாலே போதும், மீதி ஐந்தாறு டெசிபெல் கையிருப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 25 டிபிஐ டிஷ் போட்டால் ரேடியோவின் சக்தியை 11 டிபிஎம்முக்கு இறக்க வேண்டும், அப்போதுதான் கூட்டுத்தொகை 36 வரும். பெரிய டிஷ்ஷால் அனுப்பும் பக்கம் லாபம் இல்லை என்று தோன்றும். லாபம் வாங்கும் பக்கத்தில் இருக்கிறது. கற்றை குறுகலாவதால் பக்கத்து மாடிகளின் இரைச்சலும் குறைவாகவே உள்ளே வரும். கோரமங்களா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் போன்ற நெரிசலான இடங்களில் அரை கிலோமீட்டருக்குக்கூடக் குறுகிய கற்றை டிஷ்ஷே நல்லது. சிக்னல் மைனஸ் 35-க்கு மேல் போனால் மட்டும் சக்தியை இறக்குங்கள். அளவுக்கு மீறிய சிக்னலும் ரிசீவரைக் குழப்பும்.

கம்பம் எப்படி நடுவது?

முடிந்தால் தனிக் கம்பமே வேண்டாம். படிக்கட்டு அறையின் கான்கிரீட் சுவரில் இரண்டு பிராக்கெட் அடித்து ஜி.ஐ. குழாயை நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல்தான், அதில் டிஷ் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. தளத்தில் துளை போட்டால் நீர்க்காப்புப் பூச்சு போய்விடும், அடுத்த மழையில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

குழாய் வாங்கும்போது பி கிளாஸ் (நடுத்தர கனம்) கேளுங்கள். கடையில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 48.3 மி.மீ., இரண்டு இஞ்ச் என்றால் 60.3 மி.மீ. ரேடியோவோடு வரும் கிளாம்ப் எந்த அளவுவரை பிடிக்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு இஞ்ச் குழாயை நட்ட பிறகு கிளாம்ப் ஏறவில்லை என்றால் வேலை முழுவதும் மறுபடி செய்ய வேண்டும்.

காற்றைக் குறைவாக எடைபோடாதீர்கள். இந்தியத் தரம் 875, பாகம் 3, பெங்களூருக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 119 கி.மீ. அந்தக் காற்றில் 60 சென்டிமீட்டர் டிஷ் மேல் 20 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். 3 மீட்டர் கம்பத்தின் உச்சியில் அது விழுந்தால் அடியில் உள்ள பிராக்கெட் எவ்வளவு தாங்க வேண்டும் என்று யோசியுங்கள். 3 மீட்டருக்கு மேல் போனால் மூன்று திசையில் கம்பி இழுத்துக் கட்டுங்கள். கம்பம் சாய்ந்தால் மின்கம்பியில் விழாத இடமாகவும் பாருங்கள்.

கேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று விஷயம்: முழுச் செம்பு, வெளிப்புற உறை, ஷீல்டு. சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இதே கேபிளில்தான் ரேடியோவுக்குக் கரண்டும் போகிறது. 24 வோல்ட் பிஓஇ-யில் (ஈதர்நெட் கேபிள் வழியே கரண்ட்) 8 வாட் எடுக்கும் ரேடியோவுக்கு 60 மீட்டர் முழுச் செம்புக் கேபிள் என்றால் வழியில் சுமார் 2 வோல்ட் போய் 22 வோல்ட் சேரும். அலுமினியக் கேபிள் என்றால் 3 வோல்ட் போகும். அதோடு முனையும் துருப்பிடித்திருந்தால், ரேடியோ சும்மா இருக்கும்போது ஓடும், டிராஃபிக் ஏறும்போது அணைந்து எரியும். ரேடியோ பழுது என்று மாற்றப்படும் பல ரேடியோக்களில் உண்மையான குறை இதுதான்.

கேபிளில் கரண்டை ஏற்றும் 24 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டரும், எதிரில் உள்ள கருவியைக் கேட்டுவிட்டுக் கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் 802.3ஏஎஃப் ஸ்விட்ச்சும் ஒன்றில்லை. பாஸிவ் இன்ஜெக்டர் எதிரில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே கரண்டை அனுப்பும், தவறான கருவியைச் செருகினால் போர்ட் கருகிவிடும். இன்ஜெக்டர் மேல் வோல்ட்டைப் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

தண்ணீர் மேலிருந்துதான் வரும் என்றில்லை, கேபிள் உறைக்குள்ளேயே இறங்கி வரும். ரேடியோவுக்குள் நுழையும் முன்னும் கட்டடத்துக்குள் நுழையும் முன்னும் கேபிளை ஒரு முறை கீழே தொங்கவிட்டு மேலே வளையுங்கள், அந்த வளைவின் அடியில் நீர் சொட்டிப்போகும். கனெக்டர் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும். சீல் பண்ணும் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்ந்த மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படியும். வினிகர் நாற்றம் அடிக்கும் சிலிகான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கேபிளை ஒரு மீட்டருக்கு ஒரு கட்டு வீதம், வெயில் தாங்கும் கறுப்பு டையால் கட்டுங்கள். குரங்கு வரும் பகுதியில் பி.வி.சி. குழாய்க்குள் விட்டுவிடுங்கள்.

இடிக்கு என்ன பாதுகாப்பு?

ஏப்ரல், மே மாத மாலை இடிமழைதான் பெங்களூரில் ரேடியோக்களுக்கு எதிரி. நேரடி இடி விழுந்தால் எதுவும் காப்பாற்றாது. பெரும்பாலும் நடப்பது வேறு: பக்கத்தில் எங்கோ விழுந்த இடி, நீண்ட கேபிளில் தூண்டும் மின்னழுத்தம்.

கம்பத்தைக் குறைந்தது 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியால் எர்த்துடன் இணையுங்கள், 16 இருந்தால் மேல். கம்பி வளைவு இல்லாமல் நேராக இறங்கட்டும். கேபிளில் பாயும் மின்னழுத்தத்தை எர்த்துக்கு இறக்கும் ஈதர்நெட் சர்ஜ் புரொடெக்டர் இரண்டு வேண்டும்: ஒன்று ரேடியோவுக்கு அருகே, இன்னொன்று கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில். அவற்றின் எர்த் கம்பியை இணைக்காமல் விட்டால் அவை வெறும் கனெக்டர்கள்தான். கம்பத்துக்கென்று புதிய எர்த் பிட் தோண்டினால் அதைக் கட்டடத்தின் எர்த்தோடும் இணைத்துவிடுங்கள். தனித்தனியே விட்டால் இடியின்போது இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும், அது கடந்துபோகும் பாதை உங்கள் ஸ்விட்ச்சாக இருக்கும். மாடியில் ரேடியோ கம்பமே உயரமான பொருளாக இருக்க வேண்டாம், இடிதாங்கி அதைவிட மேலே இருக்கட்டும். மேகம் கறுத்தால் வேலையை நிறுத்திவிட்டு இறங்கிவிடுங்கள்.

அலைன்மென்ட் செய்யும் முறை என்ன?

முதலில் இரண்டு ரேடியோவையும் மேசை மேல் வைத்து, சக்தியை மிகக் குறைத்து, அமைப்பு எல்லாம் முடித்து, இணைகிறதா என்று பார்த்துவிட்டு மாடிக்குப் போங்கள். மாடியில் நின்று பாஸ்வேர்டு தேடுவது வெயிலில் வீண் வேலை.

மாடியில் முதல் வேலை திசை. போன் திசைகாட்டி இரும்புக் கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கும் அருகே தவறாகக் காட்டும். கம்பத்திலிருந்து தள்ளி நின்று பார்த்து, கோட்டில் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாய்வு பெரும்பாலும் பூஜ்யம்தான். 3 கி.மீ. தூரத்தில் 30 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தாலும் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். எதிர்க் கட்டடம் உயரமாகத் தெரிகிறதே என்று டிஷ்ஷை வானத்தைப் பார்க்கத் தூக்கிவிடாதீர்கள்.

பிறகு ஒரு முனை மட்டும் அசைய வேண்டும், மறுமுனை தொடக் கூடாது. இரண்டு பேரும் போனில் இருக்கட்டும். இடவலமாக 30 டிகிரி வரை மெதுவாகத் திருப்பி எல்லா ஏற்ற இறக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு சில விநாடி பொறுங்கள், திரையில் எண் தாமதமாகத்தான் மாறும். மிக உயர்ந்த இடத்தில் நிறுத்தி, அடுத்து மேல்கீழ். இந்த முனை முடிந்ததும் அடுத்த முனை. அதன் பிறகு முதல் முனைக்கு ஒரு முறை திரும்பி வாருங்கள்.

முழுக் கற்றையைக் கடந்து பார்ப்பது கட்டாயம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் முதன்மைக் கற்றை சுமார் 6 டிகிரிதான். அதன் இருபுறமும் சிறிய பக்கக் கற்றைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் சிக்கிக்கொண்டால் அங்கும் ஒரு உச்சம் கிடைக்கும், லிங்க்கும் இணையும், ஆனால் சிக்னல் 20 டெசிபெல் குறைவாக இருக்கும். கணக்கில் மைனஸ் 56 வந்து கையில் மைனஸ் 76 கிடைத்தால், வேறு எதையும் சந்தேகிக்கும் முன் இதைச் சந்தேகியுங்கள். கணக்கிட்ட எண்ணுக்கு மூன்று, நான்கு டெசிபெல்லுக்குள் வரும்வரை இறங்கி வரக் கூடாது.

ரேடியோ இரண்டு செயினுக்கும் (ஒரே ஆன்டெனாவில் உள்ள இரண்டு தனி அலைப் பாதைகள்) தனித்தனி எண் காட்டும். வித்தியாசம் 3 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும். கூடினால் டிஷ் சாய்ந்திருக்கிறது, அல்லது ஃபிரெனல் மண்டலத்தில் ஏதோ இடிக்கிறது, அல்லது ஒரு ஆன்டெனா கேபிளில் நீர் இறங்கியிருக்கிறது. கடைசியில் போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் திரும்பிவிடும். இறுக்கும்போதும் திரையில் கண் இருக்கட்டும்.

எந்த சேனல், எவ்வளவு அகலம்?

இரண்டு முனையிலும் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் ஓடவிடுங்கள். பகலில் ஒரு முறை, இரவு 8 மணிக்கு மேல் ஒரு முறை. ஒரு முனையில் அமைதியாக இருக்கும் சேனல் மறுமுனையில் சந்தையாக இருக்கலாம், இரண்டுக்கும் பொதுவாக அமைதியானதைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சலும் 3 டெசிபெல் கூடும். நகருக்குள் 80 மெகாஹெர்ட்ஸ் காகிதத்தில் அழகாக இருக்கும், சுத்தமான 40 அதைவிட நிலையாக ஓடும், பல இடங்களில் 20-ஏ சிறந்தது. 5250–5350, 5470–5725 பட்டைகளில் ரேடியோ ரேடாரைக் கண்டதாக நினைத்தால் சேனலை விட்டு வெளியேறிக் காத்திருக்கும். விமானத் தளங்கள் பக்கம் காரணமில்லாமல் லிங்க் ஒரு நிமிடம் போய் வந்தால் லாக்கில் டி.எஃப்.எஸ். (ரேடாருக்கு வழிவிடும் இந்த ஏற்பாட்டின் பெயர்) என்று தேடுங்கள்.

சிக்னல் நன்றாக இருக்கிறது, வேகம் வரவில்லை. ஏன்?

திரையில் காட்டும் 400 எம்பிபிஎஸ் காற்றில் போகும் வேகம். கையில் கிடைப்பது அதில் 60, 65 சதவீதம். அதையும்விடக் குறைவாக, சரியாக 90 பக்கம் வந்து நின்றால் ஈதர்நெட் போர்ட்டைப் பாருங்கள். நான்கு ஜோடியில் ஒன்று முறிந்தாலும் போர்ட் 100-க்கு இறங்கிவிடும், முனையை மறுபடி அடித்தால் சரி. வேகத்தை ரேடியோவின் சொந்தச் சோதனையில் பார்க்காமல் இருபுறமும் மடிக்கணினி வைத்து ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை மென்பொருளில் பாருங்கள். சிக்னல் மைனஸ் 55, இரைச்சல் மைனஸ் 75 என்றால் வித்தியாசம் 20 மட்டுமே, அதற்கு மருந்து சக்தியில் இல்லை, சேனலில் இருக்கிறது.

மழையில் லிங்க் போகுமா?

5 கிகாஹெர்ட்ஸுக்கு இத்தனை தூரத்தில் மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. மழையில் போனால் காரணம் நனைந்த இலை, நீர் புகுந்த கனெக்டர், ஆடும் கம்பம், இந்த மூன்றில் ஒன்று. மழை நின்று பல மணி நேரம் கழித்துத்தான் சரியாகிறது என்றால் கனெக்டர். காற்றடிக்கும்போது மட்டும் என்றால் கம்பம் அல்லது கிளை.

60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் நிலைமை வேறு. அங்கே ஆக்சிஜன் மட்டுமே கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 டெசிபெல் தின்னும், கனமழை அதற்கு மேல். மேலே சொன்ன 5 கிகாஹெர்ட்ஸ் விலக்கும் அதற்குப் பொருந்தாது.

கரண்ட் போனால்?

இரண்டு முனைக்கும் யூ.பி.எஸ். வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்துப் பயனில்லை. ரேடியோவும் சின்ன ஸ்விட்ச்சும் சேர்ந்து 15 வாட்டுக்குள்தான் என்பதால் 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி கொண்ட சிறிய யூ.பி.எஸ். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பேட்டரிக்கு வயதானால் நேரம் குறையும்.

ஃபர்ம்வேர் (ரேடியோவின் உள் மென்பொருள்) மாற்றும்போது எதைக் கவனிப்பது?

எப்போதும் தூரத்து முனையை முதலில் மாற்றுங்கள். பக்கத்து முனையை முதலில் மாற்றி இரண்டும் பேசிக்கொள்ளாமல் போனால், தூரத்து மாடிக்கு ஏணியோடு போக வேண்டிவரும். சேனல், அகலம், பாஸ்வேர்டு எதை மாற்றினாலும் இதே வரிசைதான். மாற்றும் முன் அமைப்பைக் கோப்பாகச் சேமித்து, ரேடியோவில் சோதனை முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், சில நிமிடத்தில் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தொழிற்சாலை பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

பராமரிப்புக்கு என்ன செய்வது?

லிங்க் போட்ட அன்று இருமுனைச் சிக்னல், செயின் வித்தியாசம், இரைச்சல், சேனல், ஐபெர்ஃப் வேகம் ஆகியவற்றை எழுதி, டிஷ் நிற்கும் கோணத்தைப் படம் எடுத்துக் குழாயில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே எண்களோடு ஒப்பிடுங்கள். சில டெசிபெல் படிப்படியாக இறங்கினால் மரம், திடீரென்று இறங்கினால் போல்ட் அல்லது புதுக் கட்டடம். ஏப்ரலுக்கு முன் ஒரு முறை போல்ட், எர்த் இணைப்பு, டேப் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். ரேடியோவின் மூடிக்குள் எறும்போ குளவியோ கூடு கட்டியிருக்கும், கரண்டை நிறுத்திவிட்டுத் திறந்து சுத்தம் செய்யுங்கள்.